"அண்ணாச்சி!" - குரல் வந்தது எந்தப் பக்கம்?

களியக்காவிளையில் எல்லையைத் தாண்டிப் பாறசாலைக் கடைத்தெருவுக்குள் நுழைகிறீர்கள். முன்னால் மலையாளத்தில் விலை கேட்கிறார்கள்; பக்கத்தில் தமிழில் பதில் வருகிறது. நெய்யாற்றின்கரை பஸ் ஹாரன் அடிக்கிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவில், "அண்ணாச்சி!" என்று ஒரு குரல். யோசிக்காமலே இடப்பக்கமாகப் பின்னால் திரும்புகிறீர்கள். அங்கே ஊர்க்காரர் ஒருவர் சிரித்தபடி நிற்கிறார்.

குரல் வந்த திசை எப்படித் தெரிந்தது? கண் பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் உள்ளதுதான் தெரியும். காதுக்கோ எட்டுத் திசையும் தெரியும். இந்த எளிய கேள்விக்கு விடை தேடிப் போனால், ஹெட்போனில் கேட்கும் பாட்டு நம்மைச் சுற்றி வருகிறதே, அந்த வித்தை வரை போய்ச் சேரலாம். உயிரைக் காக்கும் பாடம் ஒன்றும் அதில் இருக்கிறது.

இரண்டு காதின் கணக்கு

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இடப்பக்கத்திலிருந்து வரும் குரல் முதலில் இடது காதில் விழுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போக, அது இன்னும் இருபது சென்டிமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு? ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால், அதில் முக்கால் பங்குகூட இல்லை! இந்தத் தாமதத்தை மூளை அளந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. விசில் போன்ற கீச்சு ஒலிக்குத் தலையே ஒரு தடுப்புச் சுவர். அப்பாலுள்ள காதில் அது சற்று மெலிந்தே கேட்கும். தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசம், கீச்சு ஒலிக்கு அளவு வித்தியாசம் என்று 1907ல் விளக்கியவர் ராலே பிரபு. 1904ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஆங்கில விஞ்ஞானி அவர்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் இரண்டு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இரு முனைகளையும் காதோரம் பிடித்துக்கொள்ளட்டும், காதுக்குள் திணிக்கவேண்டாம். குழாயின் நட்ட நடுவில் பென்சிலால் தட்டுங்கள். "நடுவில்" என்பார். இரண்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளித் தட்டுங்கள். "வலப்பக்கம்" என்பார். இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசம் நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பையனும் இந்தக் கணக்கில் தேறிவிடுவான்!

முன்னாலா, பின்னாலா?

நேர் முன்னாலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ வரும் ஒலி இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அப்போது என்ன செய்வது? இங்கேதான் காது மடல் கைகொடுக்கிறது. அதன் மேடு பள்ளங்களில் மோதும் ஒலி, வந்த திசைக்குத் தக்கபடி சிறிது மாறி உள்ளே போகிறது. தென்னை உச்சியிலிருந்து வரும் சத்தத்துக்கு ஒரு சாயல். காலடியில் சருகு அசைந்தால் வேறு சாயல். சிறு வயதிலிருந்தே மூளை இதைப் பழகி வைத்திருக்கிறது. அப்படியும் சந்தேகம் என்றால், தலையைச் சற்றுத் திருப்புகிறோம். எந்தக் காதில் ஒலி முந்துகிறது என்பது முன்பின்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கூகைக்கு ஒரு காது மேலும் மற்றது கீழுமாக அமைந்திருக்கிறது. கும்மிருட்டிலும், எலி ஓடும் சத்தத்தை வைத்தே அது பாய்ந்து பிடித்துவிடும்.

ஹெட்போன் செய்யும் மாயம்

1978ல் வந்த "ப்ரியா" படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோ முறையில் பதிவு செய்தார். அப்படிப்பட்ட பாட்டை ஹெட்போனில் கேட்டால், ஒரு வாத்தியம் இடது காதில், இன்னொன்று வலது காதில், பாடகரோ நம் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து பாடுவார்! காரணம் இதுதான். ஹெட்போன், தலையையும் மடலையும் விட்டுவிட்டு ஒலியை நேரே காதுக்குள் ஊட்டுகிறது. தலையைத் திருப்பினால் பாட்டும் கூடவே திரும்புகிறது. வெளியே உள்ள எந்தப் பொருளும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே, "இது வெளியே இல்லை" என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

இதை வெல்லும் முயற்சி பழையது. 1881ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சிக்காக, கிளெமான் அதேர் என்பவர் இசைநாடக மேடையில் வரிசையாக டெலிபோன் கருவிகளை வைத்தார். கண்காட்சியில் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல் வைத்துக் கேட்டவர்களுக்கு, பாடகர் மேடையில் இடம் மாறுவதுகூடத் தெரிந்தது. 1933ல் சிகாகோ கண்காட்சியில் பெல் ஆய்வுக்கூடத்தார் "ஆஸ்கர்" என்ற பொம்மை மனிதனை உட்காரவைத்தனர். பொம்மையின் காதோரம் மைக்குகள். ஹெட்போன் மாட்டியவர்களுக்கு, பொம்மை இருந்த இடத்தில் தாங்களே இருப்பதுபோல் கேட்டது.

இன்று பொம்மை வேண்டாம். ஒவ்வொரு திசை ஒலியையும் தலையும் மடலும் எப்படி மாற்றுகின்றன என்று அளந்துவைத்து, அந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டர் பாட்டோடு சேர்த்துவிடுகிறது. சில ஹெட்போன்கள் தலை திரும்புவதையும் உணரும். நீங்கள் திரும்பினாலும் பாடகர் இருந்த இடத்திலேயே இருப்பார். ஆனால் ஒரு குறை. அளவெடுத்தது வேறொருவர் காதில்! ஊரார் சட்டை நமக்குப் பொருந்துமா? முன்னால் கேட்கவேண்டியது சிலருக்குப் பின்னால் கேட்கும்.

புதுக் காதும் புது மொழியும்

1998ல் ஹாலந்தில் நைமேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு ஒன்று சுவையானது. நால்வரின் காது மடலில் அச்சுப் பொருத்தி, அதன் வடிவத்தையே மாற்றினார்கள். இடம் வலம் தெரிந்தது. மேல் கீழ் தெரியவில்லை. அச்சோடு அன்றாட வேலைகளைப் பார்த்துவரவே, சில வாரங்களில் மேல் கீழும் பிடிபட்டது. பிறகு அச்சை எடுத்தார்கள். பழைய காது மறந்திருக்குமோ? இல்லை, அந்தப் பாடம் அப்படியே இருந்தது!

எல்லையில் வாழும் நமக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்ட பின்பும் இரு மொழியும் இரு பக்கமும் ஒலிக்கின்றன. வேலைக்கு வந்த இடத்தில் மலையாளம் பழகியவர்களுக்கு வீட்டுத் தமிழ் மறந்துவிடுவதில்லை. காதும் அப்படித்தான்.

இரண்டும் வேண்டும்!

ஒரு காது மந்தமானால் சத்தம் கேட்கும். திசை தெரிவது கடினம். லாரி வருகிறது என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தடுமாறுவோம். கல் உடைக்கும் இடத்திலும் மர அறுவை மில்லிலும் பாடுபடுகிறவர்கள், காதடைப்பானைக் கேட்டு வாங்கி அணியவேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரம் 40 மணி நேரம் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சத்தம் கூடக்கூட நேரம் குறையவேண்டும்.

ஒரு காதில் மட்டும் கேள்வி குறைவதாகத் தோன்றினால் சோதித்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பேச்சுக்கும் கேள்விக்குமென்றே 1997ல் தொடங்கிய "நிஷ்" நிலையம் ஆக்குளத்தில் இருக்கிறது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

இன்னொன்று. 1979ல் திறந்த திருவனந்தபுரம்-கன்னியாகுமரி ரயில் பாதை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகவே செல்கிறது. தண்டவாளத்தைக் குறுக்கு வழியாக்கி, காதில் பாட்டோடு நடப்பவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். ஹெட்போன் காதுக்குள் கட்டுவது ஒரு பொய் உலகம். அங்கே ரயில் வராது, வெளியே வரும்.

வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் ஆசை தீரப் பாட்டுக் கேளுங்கள். நடக்கும்போது ஹெட்போன் சட்டைப்பையில் இருக்கட்டும். பின்னால் வரும் லாரிக்கும், "அண்ணாச்சி!" என்று அழைக்கும் ஊர்க்காரருக்கும் இரண்டு காதும் வேண்டும்.