மரவள்ளி: தழை மட்டும் பெருத்தால் போதுமா?

மரவள்ளிச் செடி ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு சிறுத்திருக்கும். ஆலையில் 'பாயிண்ட்' குறைந்து விலையும் குறையும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பலர் கவனிக்காத ஒன்று பகல் நேரத்தின் நீளம்.

இலைகள் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை, தண்டு நுனிக்கும் வேருக்கும் பங்காகச் செல்கிறது. வேருக்குச் செல்லும் பங்கே மாவுச்சத்தாக மாறிக் கிழங்காகிறது. பகல் 12 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் தண்டும் இலையும் அதிகப் பங்கை இழுத்துக்கொள்ளும். கிழங்கு பிடிப்பது தாமதமாகும். பகல் குறுகினால் வேரின் பங்கு கூடும். இந்த இயல்பு ரகத்துக்கு ரகம் சற்று மாறும்.

சேலம் வட்டாரத்தில் ஜூன் பிற்பகுதியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பர் பிற்பகுதியில் சுமார் 11 மணி 30 நிமிடம். இந்த ஒன்றேகால் மணி வித்தியாசம் மட்டும் விளைச்சலைக் கெடுத்துவிடாது. ஆனால், தை மாதம் நட்ட பயிரில் கிழங்கு பருக்கத் தொடங்கும் மாதங்கள் நீண்ட பகலில் வருகின்றன. அப்போது யூரியாவையும் அள்ளிப் போட்டால் செடி தழைப் பக்கமே சாயும்.

பகலின் நீளம் நம் கையில் இல்லை. நாம் செய்யக்கூடியவை:

1. நட்ட 60-ஆம் நாள் செடிக்கு இரண்டு தண்டுகளை விட்டு, மற்றவற்றை நீக்கவும்.

2. இறவைப் பயிருக்கு 90-ஆம் நாள் ஏக்கருக்கு யூரியா 39 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 80 கிலோ மேலுரமாக இட்டு மண் அணைக்கவும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி இடவும். சர்க்கரை இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கச் சாம்பல் சத்து உதவுகிறது. செடி வெளுத்துத் தெரியாதபோது மேலும் யூரியா இட வேண்டாம்.

3. புரட்டாசிக்குப் பின் பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். தை மாதப் பயிரை ஆடியிலேயே அவசரப்பட்டுப் பிடுங்காமல், ரகத்துக்குரிய வயது வரை விட்டு வைப்பது நல்லது.

4. வறட்சியில் இலை உதிர்ந்த செடி, மழை பெய்ததும் கிழங்கில் சேர்த்த மாவை எடுத்தே புதுத் தழை விடுகிறது. அந்தச் சமயத்தில் பிடுங்கினால் பாயிண்ட் குறையும். தழை முதிர்ந்து, மாவு மீண்டும் சேரும்வரை பொறுக்க வேண்டும்.

தழையின் செழிப்பை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். ஐந்தாம் மாதத்தில் ஓரிரு செடிகளைப் பிடுங்கிக் கிழங்கையும் பார்த்து, மேற்கொண்டு செய்ய வேண்டியதை முடிவு செய்யுங்கள்.