அடையாள அட்டை அடகுப் பொருள் அல்ல

சம்பளம் வரும்வரை கடையில் அடையாள அட்டையையும் பேங்க் கார்டையும் ஒப்படைத்து, இரகசிய இலக்கத்தையும் சொல்லிச் சாமான் வாங்கும் பழக்கம் நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. "தெரிஞ்ச முதலாளிதானே" என்பார்கள். அட்டைப் பிரதி வேறு கைக்குப் போனால் உங்கள் பெயரில் சிம் எடுக்கலாம். கடனுக்குப் பிணையாளி என்று எழுதிவிடவும் இடமுண்டு. அறவிட வருபவர் உங்கள் காம்பராவைத்தான் தட்டுவார்.

பிரதி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் யாருக்கு, எதற்கு, என்ன திகதி என்று அதன் மேலேயே குறுக்காக எழுதுங்கள். வாங்குபவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கார்டை ஏற்கனவே கொடுத்தவர்கள் திருப்பி வாங்கி, இரகசிய இலக்கத்தை மாற்றுங்கள். அடையாள அட்டை தொலைந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். புது அட்டைக்குத் தோட்டத் துரை அல்லது கிராம சேவகர் மூலம் விண்ணப்பிக்கலாம். முறைப்பாட்டுப் பிரதியை வீசிவிடாதீர்கள். பிறகு எடுக்காத கடனுக்கு ஆள் வந்தால், அதிலுள்ள திகதிதான் உங்களுக்குச் சாட்சி.