டிரெட்மில் ஆஃப்ல இருந்தாலும் ஆபத்துதான்: குழந்தை இருக்கும் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

கொரோனா ஊரடங்கில் ஜிம்கள் மூடிக் கிடந்தபோது வாங்கியது, வேலைக்கு நடுவே நடக்கலாம் என்று இஎம்ஐ-யில் எடுத்தது, பக்கத்து ஃபிளாட்காரர் காலி செய்யும்போது பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு டிரெட்மில்லும் எக்சர்சைஸ் சைக்கிளும் வந்து சேர்ந்த கதை பெரும்பாலும் இதுதான். முதல் மூன்று மாதம் அதில் ஓடுவோம். அப்புறம் துணி காயப்போடுவோம்.

நாம் அதை மறந்துவிடுகிறோம். வீட்டில் இருக்கும் ரெண்டு வயசுக் குழந்தை மறப்பதில்லை. பட்டன் இருக்கிறது, லைட் எரிகிறது, ஏறி நிற்க வசதியாக இருக்கிறது. அதற்கு அது பெரிய பொம்மை. "அதான் நான் பக்கத்துலயே இருக்கேனே", "அதான் ஆஃப்ல இருக்கே" என்று நாம் சொல்லும் இரண்டு சமாதானங்களும் ஏன் போதாது என்பதற்கு உலகம் அறிந்த இரண்டு சம்பவங்கள் உண்டு.

ஓடும் இயந்திரம், ஓடாத இயந்திரம்

முதலாவது, பெலோட்டான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'டிரெட் பிளஸ்' டிரெட்மில். 2021 மார்ச்சில், அதில் சிக்கி ஒரு குழந்தை இறந்துவிட்டதாக நிறுவனமே அறிவித்தது. ஏப்ரலில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்து, ஒரு வீட்டு கேமராவில் பதிவான வீடியோவையும் வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பின்னால் பந்தோடு விளையாடும் சிறுவன், பந்தோடு சேர்த்து அடியில் இழுக்கப்படுகிறான். போராடி வெளியே வந்துவிடுகிறான். எச்சரிக்கையை முதலில் மறுத்த நிறுவனம், மே 5 அன்று சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. ஆட்கள், குழந்தைகள், செல்லப் பிராணிகள், பொருட்கள் என எதுவோ ஒன்று பின்பக்கம் இழுக்கப்பட்டதாக அதற்குள் 72 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் 29 புகார்கள் குழந்தைகளுக்குக் காயம் ஏற்பட்டவை.

இரண்டாவது, 2009 மே மாதம் நடந்தது. குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் 4 வயது மகள், அரிசோனாவில் உள்ள வீட்டில், டிரெட்மில்லில் தொங்கிய ஒயர் கழுத்தில் சிக்கி உயிரிழந்தார். அங்கே ஆபத்தாக முடிந்தது பெல்ட் அல்ல, தொங்கிக்கொண்டிருந்த ஒயர்.

இவை அபூர்வ விபத்துகள் என்று தள்ளிவிட முடியாது. 2020-ல் அமெரிக்காவில் மட்டும் டிரெட்மில் காயங்களுக்காக சுமார் 22,500 பேர் அவசரச் சிகிச்சைக்குப் போனதாக அதே ஆணையம் கணக்கிட்டது. அதில் சுமார் 2,000 பேர் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள்.

பின்பக்கம்தான் பிரச்னை

டிரெட்மில்லில் நடப்பவர் முன்னால் பார்க்கிறார், காதில் இயர்போன். ஆபத்தான இடமோ அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பெல்ட் அங்கேதான் ரோலரைச் சுற்றிக் கீழே இறங்குகிறது. அதன் பக்கத்தில் போகும் சின்னக் கை, பொம்மை, துப்பட்டா, பாவாடை எல்லாவற்றையும் அது உள்ளே இழுக்கும்.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 கி.மீ. என்பது நமக்கு வேக நடை. அந்த வேகத்தில் பெல்ட் ஒரு நொடிக்கு 1.6 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதாவது சுமார் ஐந்தரை அடி. குழந்தை கை வைத்ததை நீங்கள் உணர்ந்து, திரும்பி, ஸ்டாப் பட்டனை அழுத்துவதற்குள் பல அடி பெல்ட் அந்தக் கையைத் தேய்த்துப் போயிருக்கும். இதை உராய்வுத் தீக்காயம் என்பார்கள். குழந்தைகளின் உள்ளங்கையிலும் விரல்களிலும்தான் இது அதிகம் ஏற்படும். தோல் மெல்லியது என்பதால் ஆழமாகப் போகும். தழும்பு இறுகி விரல் மடங்கிக்கொள்ளலாம், தோல் ஒட்டு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம்.

அடுத்தது இடம். பின்பக்கம் சுமார் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி காலியாக விடச் சொல்லிப் பல மேனுவல்களில் இருக்கும். இயந்திரமே ஐந்தரை அடி நீளம் என்றால் மொத்தம் 12 அடி வேண்டும். நம்ம ஊர் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் 10-க்கு 10 அறையில் அது எப்படி முடியும்? அதனால் டிவி பார்க்க வசதியாக, பின்பக்கத்தைச் சுவரை ஒட்டிப் போட்டுவிடுகிறோம். தவறி விழுந்தால், பெரியவரே ஆனாலும், சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். இடம் போதவில்லை என்றால், பயன்படுத்தாதபோது மடித்து லாக் செய்யும் மாடலையோ வேறு உடற்பயிற்சியையோ யோசிப்பது நல்லது.

சாவி எங்கே இருக்கிறது?

சட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கயிறுதான் சேஃப்டி கீ. அதை எடுத்துவிட்டால் பெரும்பாலான டிரெட்மில்கள் ஓடாது. பல வீடுகளில் அது எப்போதும் இயந்திரத்திலேயே தொங்குகிறது. வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவது மாதிரிதான் இதுவும். ஓடி முடித்ததும் எடுத்து, குழந்தைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் இந்தக் கீ வெறும் காந்தம்தான். தொலைந்துபோனால் ஃபிரிட்ஜ் மேக்னெட்டை ஒட்டி ஓட்டுவார்கள். அப்படி ஓட்டினால் இழுத்ததும் நிற்கும் வசதி போய்விடும். அந்த மாடலுக்கான ஒரிஜினல் கீயைக் கேட்டு வாங்குங்கள்.

மேஜைக்கு அடியில் போடும் வாக்கிங் பேட் இருந்தால் ரிமோட்டும் சாவிதான். சோபாவில் கிடக்கும் ரிமோட்டை எடுத்து ஒரு குழந்தை அழுத்த, பேட் மேல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தை விழலாம். ஸ்விட்ச் போர்டில் ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

ஓடாமல் நிற்கும்போது

எக்சர்சைஸ் சைக்கிள்: ஸ்பின் பைக்கின் ஃபிளைவீல் கனமானது. பெரியவர் இறங்கிய பிறகும் சக்கரமும் பெடலும் சுற்றலாம். செயின், சக்கரம், பெடல் இடுக்கில் விரல் மாட்டினால் நசுங்கும், துண்டாகவும் செய்யலாம். முடித்ததும் பிரேக் குமிழை முழுதாக இறுக்குங்கள். கவர் உடைந்த பழைய சைக்கிளைச் சரிசெய்யும்வரை அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

பால்கனி: இடமில்லை என்று சைக்கிளையும் பெஞ்சையும் பால்கனிக்குத் தள்ளினால், கம்பி ஓரம் குழந்தைக்கு ஏணி போட்டுக் கொடுத்ததாகிவிடும். மாடி வீடுகளில் இதைச் செய்யவே கூடாது.

டம்பெல், பிளேட்: உருண்டை டம்பெல் டைல்ஸ் தரையில் உருளும். சுவரில் சாய்த்து வைத்த பிளேட் காலில் சரியும். தாழ்வான ரேக்கிலோ தரையோடு ஒட்டிய பெட்டியிலோ வைத்துப் பூட்டுங்கள். கட்டில் மேலும் அலமாரி மேலும் வேண்டாம்.

கயிறு, பேண்ட், ஒயர்: ஸ்கிப்பிங் கயிறு, கதவில் மாட்டும் ரெசிஸ்டன்ஸ் பேண்ட், கைப்பிடியில் தொங்கும் சார்ஜர் ஒயர் எல்லாம் குழந்தையின் கழுத்து உயரத்தில் இருக்கின்றன. சுருட்டி மேலே வையுங்கள்.

பட்டன் பேட்டரி: டிஜிட்டல் எடை மெஷின், ஹார்ட் ரேட் பெல்ட், சில ரிமோட்டுகளில் 20 மி.மீ. அகலமுள்ள சிஆர்2032 வகை இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாகிவிடும். மூடியில் திருகு இல்லாத சாதனங்களை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கரன்ட் விஷயம்

2023 ஜூலையில் டெல்லி ரோகிணியில் ஒரு ஜிம்மில், டிரெட்மில்லில் ஓடிய 24 வயது இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார். வீட்டு டிரெட்மில்லுக்கு எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட் அவசியம். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் பேசுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

• குழந்தை மாட்டிக்கொண்டால் முதலில் சேஃப்டி கீயை இழுங்கள் அல்லது மெயினை அணையுங்கள். பெல்ட் ஓடும்போது குழந்தையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

• உராய்வுத் தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.

• விரல் துண்டானால், ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக்கூடாது.

• பேட்டரி விழுங்கிய சந்தேகம் இருந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108. உடனடி முதல் சிகிச்சைக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கை அறுவை சிகிச்சைக்கு ஸ்டான்லி, தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம், குழந்தைகளுக்கு எழும்பூர் என்று சென்னை அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவுகள் உண்டு.

இன்றைக்கு ராத்திரி பத்து நிமிடம்

இயந்திரம் இருக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். எட்டிப் பிடிக்க என்ன தொங்குகிறது? விரல் நுழைய எங்கே இடுக்கு இருக்கிறது? ஏறினால் எது கவிழும்? பிறகு பிளக்கைப் பிடுங்கி, கீயை மாட்டி, அறைக் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த முறை ஓடும்போது அந்தக் கதவு சாத்தியிருக்கட்டும். குழந்தை தூங்க வேண்டும், அல்லது இன்னொரு பெரியவர் கையில் இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, வேலைக்கு வரும் அக்கா என்று வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் கீ எங்கே இருக்கிறது, எதை இழுத்தால் நிற்கும் என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.