மேட்டில் சைக்கிள் ஏறும்போது நெஞ்சைக் கவனியுங்கள்

சைக்கிள் வீரர்கள் கெந்திங் மலை ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டியில் பலரும் எதிர்பார்க்கும் கட்டம் அது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே ஏறும் அந்தப் பாதையில், பயிற்சி பெற்ற இளைஞர்களே மூச்சு வாங்கிப் பின்தங்குகிறார்கள்.

நம் நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் கோல பிலாவுக்கும் நடுவே உள்ள புக்கிட் புத்துஸ் மேடு அந்த உயரத்துக்கு வராது. தோட்டத்துச் செம்மண் மேடு அதைவிடச் சிறியது. ஆனாலும் 65 வயது இதயத்துக்கு அது சிறியதல்ல.

பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் மேடு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 60 கிலோ, சைக்கிள் 15 கிலோ. நூறு மீட்டர் மிதித்தால், 75 கிலோவை ஏறக்குறைய மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கிவிட்டீர்கள். வீரர்கள் மேட்டில் இலேசான கியருக்கு மாற்றிக்கொள்வார்கள். நம் பழைய சைக்கிளுக்கோ ஒரே கியர்தான். பாரமெல்லாம் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் வந்துசேரும்.

விடியுமுன் பால்வெட்டுக்கு இதே மேட்டில் ஏறியவர்கள் உங்களில் பலர். காலுக்கு அந்தப் பழக்கம் மறக்காது. இரத்தக் குழாய்களுக்குத்தான் வயதாகிவிட்டது.

ஆகவே முதலில் பத்து நிமிடம் சமதரையில் மெதுவாக ஓட்டுங்கள். மேட்டில் மிதித்தபடியே பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் சரி. இரண்டு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். நாடித் துடிப்பை எண்ணிப் பார்ப்பதை மட்டும் நம்பவேண்டாம். இரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே காட்டும்.

நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வையோடு தலை சுற்றினால், உடனே நின்று உட்காருங்கள். 999-ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும், அதனால் தனியாகப் போகாமல் கைப்பேசியோடும் துணையோடும் போவது நல்லது.

இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறவேண்டாம். கை நடுங்கி, வியர்த்து, குழப்பமாக இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சீனிப் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

முன்பு மாரடைப்பு வந்தவர்களும், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்களும் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைக் கேட்காமல் மேட்டுக்குப் போகவே கூடாது.

உச்சியை அடைந்ததும் சட்டென்று நின்றுவிடாமல் சற்று நடங்கள். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். மழை பெய்திருந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அன்று இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே வாருங்கள்.