கடப்பு: ஒரு சொல்லின் வானியல்

ஆங்கிலத்தில் 'டிரான்சிட்' என்றொரு சொல் உண்டு. 'அப்பால்' எனப் பொருள்படும் 'டிரான்சு', 'செல்' எனப் பொருள்படும் 'ஈரே' ஆகிய இலத்தீன் சொற்கள் கூடிப் பிறந்தது அது. வழியில் இருக்கும் சரக்கையும், வானூர்தி மாறக் காத்திருக்கும் பயணியையும், மாநகரப் பொதுப் போக்குவரத்தையும் அச்சொல் குறிக்கும். தமிழில் அதற்கு ஈடு 'கட' என்னும் வினை. நம் கடவுச்சீட்டும் இலங்கைச் சாலைகளின் கடவையும் அவ்வேரில் கிளைத்தவை.

வானியலில் இச்சொல் நுண்பொருள் கொள்கிறது. சிறிய வான்பொருள் பெரியதன் முகத்தின் குறுக்கே செல்வது கடப்பு. பெரியது சிறியதை மூடிவிட்டால் அது மறைப்பு. கதிரவன் முகத்தை இவ்வாறு கடப்பதாகப் புவியிலிருந்து காணத்தக்க கோள்கள் புதனும் வெள்ளியும் மட்டுமே. வெள்ளிக் கடப்பு எட்டாண்டு இடைவெளியில் இணையாக வரும். பின்னர் நூறாண்டுக்கு மேல் வாராது. 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் கண்டோம், இனி 2117-இல்தான்.

புவியின் தொலைவான இரு இடங்களில் நின்று கடப்பின் கால அளவைக் குறித்தால், அவற்றின் வேறுபாட்டிலிருந்து கதிரவனின் தொலைவைக் கணிக்கலாம் என்று 1716-இல் விளக்கினார் எட்மண்டு ஆலி. அதை நம்பிப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில். ஊரோ ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. 1761 சூன் 6 அன்று, ஆடும் கப்பலில் நின்று கடப்பைக் கண்டும் துல்லியமாக அளக்க இயலவில்லை. எட்டாண்டு காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தினார். அன்று காலை கதிரவனை முகில் மூடியது. கடப்பு முடிந்தபின் வானம் வெளுத்தது. 1771-இல் தாயகம் மீண்டவரை, அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட செய்தி வரவேற்றது.

இன்று அதே கடப்பு, பிற விண்மீன்களின் கோள்களைக் காட்டித் தருகிறது. கதிரவனை ஒத்த விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். புவியளவினது கடந்தால் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. மங்கலின் அளவு கோளின் பருமனையும், அது மீளும் காலம் கோளின் ஆண்டையும் சொல்லும். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி இம்முறையில் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது.

கோள் விண்மீனைக் கடக்கும் அவ்வேளையில், விண்மீனொளியின் ஓர் இழை கோளின் வளிமண்டலத்தை ஊடுருவிக் கடந்து நம்மை அடைகிறது. வளிமங்கள் தத்தமக்குரிய நிறங்களை அவ்வொளியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். 1999-இல் முதன்முதலாகக் கடப்பு காணப்பட்ட அயற்கோளின் வளியில் சோடியம் இருப்பதை அபிள் தொலைநோக்கி அறிந்தது இவ்வாறே. கோளும் கடக்கிறது, ஒளியும் கடக்கிறது. இரண்டையும் 'கட' என்னும் ஒரே வினை தாங்குகிறது.