வலமிருந்து இடமாக ஒரு கணக்குப் புத்தகம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ உருது வழியில் படிக்கும் ஒரு பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதுதான் அதற்கு முதல் பக்கம். வரிகள் வலமிருந்து இடமாக ஓடும். நடுவே 24 + 13 = 37 என்று ஒரு கணக்கு வந்துவிட்டால், அதை மட்டும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கணக்கு முடிந்ததும் வாசிப்பு மறுபடியும் வலமிருந்து இடமாகத் திரும்பும். அடுத்த பாடவேளை தமிழ், அதற்கடுத்தது ஆங்கிலம். மதரஸாவுக்கும் போகிற பிள்ளை என்றால் அரபியும் சேரும். ஏழு வயதில் இத்தனையையும் சமாளிக்கிற பிள்ளையைப் பார்த்து அந்த ஊரில் யாரும் வியப்பதில்லை. வியக்க வேண்டிய விஷயம்தான்.

வேறுபாடு திசையில் மட்டும் இல்லை. உருது எழுத்தில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. வாசிப்பவர்தான் சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். தமிழில் உயிரொலிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 'பல்' என்பதில் வரும் ப-வும் 'பஸ்' என்பதில் வரும் ப-வும் ஒரே எழுத்து. உருதுவில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஒரு எழுத்துமுறை மறைப்பதை இன்னொன்று காட்டுகிறது. இந்தி, உருது இரண்டையும் சரளமாக வாசிக்கும் பெரியவர்களை வைத்துச் சைத்ரா ராவும் ஜோத்ஸ்னா வைதும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. இந்தி எழுத்தில் உள்ள சொற்களை அவர்கள் விரைவாக உச்சரித்தார்கள். உருது எழுத்தில் சற்றுத் தாமதித்தார்கள். பேச்சில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் மொழிகளுக்கே இந்த நிலை என்றால், தமிழுக்கும் உருதுவுக்கும் இடையே போய்வரும் மூளைக்கு எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், சற்றுத் தள்ளிப் பேரணாம்பட்டு என நீளும் இந்தத் தோல் பூமியில், தோல் வியாபாரத்தில் வந்த பணம் கல்விக்கும் போயிருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது 1919-இல். ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல். இங்குள்ள உருதுக் குடும்பங்கள் வீட்டில் பேசுவது தென்னாட்டு வழக்கான தக்கினி உருது. கடைத்தெருவிலும் ஷூ கம்பெனியிலும் தமிழ் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. தக்கினியின் இலக்கணத்திலேயே தென்னிந்தியம் ஊறியிருக்கிறது. 'வர்றேன்னு சொன்னான்' என்று நாம் சொல்லும் வாக்கியத்தில் 'என்று' உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் தக்கினிக்காரர் 'போல்கே' வைப்பார். டெல்லி உருதுக்காரர் காதுக்கு அது விநோதமாக ஒலிக்கும். நமக்கோ அது முழுக்கப் பழகிய இலக்கணம்.

இத்தனை நூற்றாண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் இரண்டு பயங்கள் இங்கே ஓய்வதில்லை. உருதுவில் படித்தால் தமிழ் வராது என்பது ஒன்று. தமிழைக் கட்டாயமாக்கினால் உருது அழியும் என்பது மற்றொன்று. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், அந்தக் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அது பத்தாம் வகுப்பை எட்டியபோது வழக்குகள் வந்தன, விலக்குகள் கிடைத்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கான விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. நீதிமன்றத்தில் எது வென்றாலும், இரண்டு பயங்களுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: தலைக்குள் இருக்கும் இடம் கொஞ்சம், ஒரு மொழி ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஊர் கனடாவில் இருக்கிறது. மான்ட்ரியாலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தாங்களே வற்புறுத்தி, 1965-இல் 26 மழலையரைக் கொண்டு ஒரு வகுப்பைத் தொடங்கவைத்தார்கள். பாடம் எல்லாமே பிரெஞ்சில்; ஆங்கில வகுப்பே சில ஆண்டுகள் கழித்துத்தான். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1972-இல் நூலாக வெளியிட்டார்கள். ஆங்கில வாசிப்பு முதலில் பின்தங்கியது. ஆங்கில வகுப்பு தொடங்கியபின் எட்டிப் பிடித்துவிட்டது. பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் அந்த மொழிக் குழந்தைகளை நெருங்கினார்கள், பேச்சில் பிழைகள் மிஞ்சின. கணக்கில் நஷ்டமில்லை. ஒரு மொழிக்குக் கொடுத்த நேரம் இன்னொன்றிலிருந்து பிடுங்கியதாக இருக்கவில்லை.

பள்ளி வழியாக ஒரு மொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எபிரேயத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. பல நூற்றாண்டுகளாக வேதத்திலும் வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்த அந்த மொழியை, எலியேசர் பென் யெஹுதா 1881-இல் பாலஸ்தீனத்துக்கு வந்து வீட்டுப் பேச்சாக்கினார். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு எபிரேய வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 2007-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஹாலிவுட் என்ற ஊரில் பென் கம்லா என்ற எபிரேயப் பள்ளி பொதுப்பணத்தில் தொடங்கியது. மொழியோடு மதமும் நுழைகிறதோ என்ற சந்தேகத்தில் எபிரேய வகுப்பையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். உருதுவைப் பள்ளிவாசலோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிற நம் ஊர்க் கண்ணுக்கும் அந்தச் சந்தேகம் அந்நியம் இல்லை.

செயின்ட் லாம்பர்ட்டில் கவனிக்க வேண்டிய சின்ன விவரம் ஒன்று உண்டு. ஆசிரியர் பிரெஞ்சில்தான் பேசினார். ஆனால் ஆரம்பத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அவருக்குப் புரியும். 'டீச்சர், வயிறு வலிக்குது' என்று தன் மொழியில் சொல்லப் பிள்ளைக்குத் தடையில்லை. கிராமத்தில் நீச்சல் பழக்கும்போது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்குவார்களே, அப்படி. குடுக்கை இல்லாமல் தள்ளிவிட்டால் அதற்கு நீச்சல் வகுப்பு என்று பெயரில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழிக்கும் ஆபத்து இருக்கவில்லை. ஆங்கிலம் அந்த நாட்டில் அதிகாரத்தின் மொழி. ஆம்பூர் உருதுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு மொழி இன்னொன்றைப் பிடுங்குவதில்லை என்பதை டொரண்டோவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இன்னும் நுணுக்கமாகச் சொன்னார். புதிய மொழியில் சகஜமாகப் பேச ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும். பாடப்புத்தக மொழி வசப்பட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு மொழியில் புரிந்துகொண்ட கருத்தை மற்றொரு மொழியில் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. உருதுவில் பின்னம் புரிந்தவனுக்குத் தமிழில் தேவைப்படுவது 'பகுதி', 'தொகுதி' என்ற பெயர்கள்தான். 'தெருவில் தமிழ் வெளுத்து வாங்குகிறான், பரீட்சையில் ஏன் திணறுகிறான்?' என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. பேச்சுத் தமிழுக்கும் செய்யுள், இலக்கணத் தமிழுக்கும் உள்ள தூரத்தைத் தமிழ் வீட்டுப் பிள்ளையே தடுமாறித்தான் கடக்கிறது. உருது வீட்டுப் பிள்ளைக்கு அதில் துணைவர வீட்டில் ஆளில்லை.

பல மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும் என்று விளம்பரம் செய்வோரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். குழந்தைகளிடம் அந்த நன்மை எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். முதுமை பற்றி ஹைதராபாத்திலிருந்து வந்த சான்று சுவையானது. நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களிடம் நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. தெலுங்கும் தக்கினியும் கலந்து புழங்கும் நகரம் அது. எல்லா ஊர் ஆய்வுகளும் இதையே சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

என் கணிப்பில் இங்கே உருதுவும் தமிழும் ஒன்றையொன்று விழுங்கப் போவதில்லை. வீட்டு மொழி ஒரு மணி நேரம்கூட இல்லாத ஆங்கில வழி வகுப்புதான் இரண்டுக்கும் பொதுவான நெருக்கடி. உருதுப் பள்ளிகளுக்கு வேண்டியவர் உருது அறிந்த தமிழாசிரியர். அவர் இருந்தால் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளுக்கு விலக்குக் கேட்டு அலைவது குறையும்.

ஜூனில் சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை வீட்டு மொழியில் பேசினால் உங்களுக்குப் புரியுமா? புரியாது என்றால், கட்டடம் எத்தனை மாடியாக இருந்தாலும், அடுத்த பள்ளியையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.