மருந்துக்குப் பழகிவிட்ட பூஞ்சை

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்று தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் தூசியையும் சருகையும் கிளப்பிவிடும். களை எடுப்பவரின் கண்ணில் நெல் தாளின் நுனி உரசும். அறுப்புக் காலத்தில் உமி தெறிக்கும். கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சில நாளில் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். கீறல் வழியே உள்ளே போனது பெரும்பாலும் பூஞ்சை அல்லது பாக்டீரியா. எது என்பதில்தான் பார்வையே இருக்கிறது.

திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 3,183 பேர். அவர்களில் 1,095 பேருக்குக் காரணம் பூஞ்சை. மூன்றில் ஒருவருக்கும் மேல். தென்காசி அப்போது நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது.

பூஞ்சையா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் விளிம்பை மெல்லிய பிளேடால் சுரண்டுவார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், திசு கரைந்து தெளிய, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் குறுக்குச் சுவர்களோடு தெரியும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல், மெடிக்கலில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால், சிவப்பும் வலியும் குறையும். பூஞ்சை ஆழமாகப் போகும். கருவிழி ஓட்டையாகிவிட்டால் மாற்றுக் கருவிழி தேட வேண்டியதுதான்.

பாக்டீரியாவுக்கு எதிராகப் பல வகை மருந்துகள் உண்டு. பூஞ்சைக்கு விரல்விட்டு எண்ணலாம். காரணம், பூஞ்சையின் செல் பாக்டீரியாவைவிட மனித செல்லுக்கு நெருங்கிய உறவு; அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் தாக்கும். நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் பெரும்பாலான மருந்துகள் வேலை செய்கின்றன. நேட்டமைசின் சொட்டு மருந்து எர்கோஸ்டெராலையே பற்றிக்கொள்ளும். வோரிகோனசோல் போன்ற அசோல்கள் அதைத் தயாரிக்கும் நொதி ஒன்றை முடக்கும். டெர்பினாஃபின் அதே தயாரிப்பில் முந்தைய கட்டத்து நொதியை முடக்கும். மரபணுவில் ஓர் இடம் மாறி, நொதியின் வடிவம் சற்றே பிசகினால் போதும், மருந்து அதில் ஒட்டாது.

கண் புண்ணுக்குப் பழைய நேட்டமைசின் நல்லதா, புதிய வோரிகோனசோல் நல்லதா என்று 2010-11இல் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேட்டமைசின் தெளிவாக வென்றது, முக்கியமாக பியூசேரியம் வகைப் பூஞ்சையில். அதைவிடக் கவலை தரும் செய்தி, சேமித்து வைத்த பூஞ்சைகளைப் பிறகு ஆராய்ந்தபோது கிடைத்தது. அவற்றைத் தடுக்கத் தேவைப்பட்ட வோரிகோனசோலின் அளவு, ஆய்வு நடந்த காலத்திலேயே ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியிருந்தது. நேட்டமைசினுக்கு அப்படி ஏறவில்லை. இரண்டு ஆண்டுகூட நிறையாத கணக்கு என்பதால் இதை நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அலட்சியம் செய்ய முடியாது.

தோலில் இந்தக் கதை இன்னும் முற்றிவிட்டது. குற்றாலச் சீசனில் ஈர வேட்டியும் ஈர உள்ளாடையுமாக நாள் முழுக்கச் சுற்றினால் தொடை இடுக்கில் படர்தாமரை வர ஏதுவாகும். அதற்குக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பல, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் கலந்தவை. அரிப்பு உடனே அடங்கும்; நிறுத்தினால் வட்டம் பெரிதாகித் திரும்பும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அதற்குள் இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சை வேரூன்றிவிட்டது. ஜப்பானில் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த அந்தப் பூஞ்சைக்கு 2020இல் ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் சூட்டினார்கள். 2023இல் நியூயார்க்கில் இருவருக்கு அது வந்த செய்தி வெளியானது. அவர்களில் ஒரு பெண் அண்மையில் வெளிநாட்டுப் பக்கமே போகாதவர்.

மருந்துக் கடையோடு இது முடியவில்லை. வயலிலும் அதே அசோல்தான் தெளிக்கிறோம். நெற்பழ நோய்க்கு ப்ரொபிகோனசோல், இலையுறைக் கருகலுக்கு ஹெக்சாகோனசோல். டெல்லி ஆய்வாளர் அனுராதா சௌத்ரியின் குழு இந்தியாவின் பல இடங்களில் மண்ணை எடுத்துச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டது. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் பூஞ்சையில் அசோலுக்கு அடங்காத ரகம் தேயிலைத் தோட்ட மண்ணில் 33 சதவீதம், நெல் வயலில் 12 சதவீதம் அளவுக்குக் கிடைத்தது. அந்த ரகங்கள் ஆஸ்பத்திரி மருந்துகளையும் பயிர் மருந்துகளையும் ஒருசேரத் தாங்கின. அசோலையே தொடாத நோயாளிக்கும் இப்படி அடங்காத பூஞ்சை காற்றில் வந்து சேரலாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்த 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், முதல் வரிசையில் நிற்கும் நான்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸும் ஒன்று.

விவசாயியைக் குறை சொல்லி இதில் பயனில்லை. கதிர் பழுதானால் அவர் என்ன செய்வார்? பயிர் மருந்துக்கு அனுமதி தருகிறவர்களும் மனித மருந்துக்கு அனுமதி தருகிறவர்களும் ஒரே மேசையில் உட்காராததுதான் கோளாறு. அசோலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸுக்காக ஓலோரோஃபிம் என்ற முற்றிலும் புதிய மருந்து பல ஆண்டுகளாகத் தயாராகி வருகிறது. அது தாக்கும் அதே நொதியைத் தாக்கும் இப்ஃப்ளூஃபெனோக்வின் என்ற பயிர் மருந்துக்கு அமெரிக்கா 2022இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஒன்றுக்கு அடங்காத பூஞ்சை மற்றதற்கும் அடங்குவதில்லை என்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டிவிட்டன. ஓலோரோஃபிம் நோயாளியின் கைக்கு வருவதற்கு முன்பே, வயல் மண்ணில் இருக்கும் பூஞ்சை அதன் பங்காளியோடு பழக ஆரம்பித்துவிடும்.